அத்தை கவிழ்த்த கோப்பை

நாத்தனார் வருவதற்கு முந்தின நாள் திரைக்காரி சுவரில் ஒரு கால அட்டவணையை ஒட்டினாள். எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரை கணக்கு, அப்புறம் மொழி, அப்புறம் அறிவியல், நடுவில் பத்து நிமிடம் இடைவேளை என்று சிவப்பிலும் பச்சையிலும் கட்டம் கட்டமாக. பத்து வயதுச் சுண்டு அதன் முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரோட ஸ்கூலுக்கும்மா?"

"நம்ம ஸ்கூலுக்குத்தான்."

"நம்ம ஸ்கூல்ல எப்ப இருந்து இடைவேளை விடறாங்க?"

"நாளையில இருந்து. அத்தை இருக்கற நாலு நாளைக்கு."

சுண்டு அட்டவணையை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் படித்தாள். "பாவம்மா இது. நாலு நாள்தான் ஆயுசு," என்றாள்.

வீட்டிலேயே மிஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைப்பது அம்மாவின் தொழில். கல்யாணமான புதிதில் கணவன் வைத்த பெயர்தான் திரைக்காரி. அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், துணி மூட்டையோடு ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவளிடம், கதவுக்கு வெளியே உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேச்சுக்கொடுத்தவன். "முதல்ல தரையில உக்காருங்க. கதவைத் தட்ட வேண்டாம். காத்து வருது. நான் இங்கயேதான் இருக்கேன்." அந்த நாலு வாக்கியத்தில் ஆள் விழுந்துவிட்டாள் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான். "விழல, உக்காந்தேன். நீங்கதானே உக்காரச் சொன்னீங்க," என்பாள் அவள்.

சுண்டு இரண்டு வருடம் முன்புவரை பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். நல்ல நாளில் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். ஆனால் காரணம் சொல்லத் தெரியாத சில காலைகளில் நெஞ்சுக்குள் எதுவோ இறுகிக்கொள்ளும், வாய் திறக்காது. பெயரைக் கேட்டால்கூடப் பதில் வராது. மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். 'ஒத்துழைப்பதில்லை' என்று ஆசிரியை எழுதி அனுப்பினார். பிறகு 'பிடிவாதம்' என்று எழுதினார். பிறகு ஒரு நாள் பிள்ளை தன் முன்கையைத் தானே கடித்துப் பல் பதிந்த தடத்தோடு வீட்டுக்கு வந்தது. அன்றைக்குத் திரைக்காரி எதுவும் எழுதவில்லை. மறுநாள் பையை அலமாரி மேலே தூக்கி வைத்தாள்.

வீட்டுப் பாடம் ஆரம்பித்த முதல் வாரத்தில்தான் அந்த வழக்கம் வந்தது. ஒரு காலை சுண்டு பேசாமல் தன் காலிக் கோப்பையை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் தன் இடத்தில், கவிழ்த்து வைத்தாள். திரைக்காரிக்குப் புரிந்துவிட்டது. அன்று முதல் அது வீட்டுச் சட்டம். யாருக்காவது நாள் சரியில்லை என்றால் கோப்பையைக் கவிழ்த்துவிடலாம். மதியம் பன்னிரண்டு மணி வரை ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஜன்னலோர நாற்காலி அவருக்கு. அன்று புதுப்பாடம் கிடையாது, தெரிந்ததைத்தான் செய்யலாம். பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது.

பிள்ளைக்காக வந்த சட்டம் பெரியவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கூட வேலை பார்த்தவனுக்கு இரண்டு விரல் போன மறுநாள், மெக்கானிக் தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். சுண்டு அவன் காலடியில் உட்கார்ந்து தன் பூகோளப் புத்தகத்தில் ஆறுகள் பற்றிய பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. சாயங்காலத்துக்குள் ஐந்து தடவை. அந்த ஆறுகள் எந்த மலையில் பிறந்து எந்தக் கடலில் விழுகின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று முறை கவிழ்ந்த சுண்டுவின் கோப்பை, இப்போது மாதத்துக்கு ஒரு முறை கவிழ்ந்தாலே அதிகம். சொல்ல இடம் இருந்தால் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடுகிறது போலும்.

ஆனால் இதையெல்லாம் நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? முப்பத்தொரு வருட அனுபவம், அதில் பதினான்கு வருடம் தலைமையாசிரியை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இப்போது தன் பள்ளியில் ஒரு இடத்தைச் சுண்டுவுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு, சேர்க்கைப் படிவத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, இடைப்பருவ விடுமுறையில் வருகிறார். நாலாம் நாள் திரும்பும்போது தம்பியின் கையெழுத்தோடு போக வேண்டும் என்பது ஏற்பாடு.

"சுண்டு, இன்னொரு விஷயம். அத்தை போறவரைக்கும் கப்பு எதுவும் கவுக்க வேண்டாம். அவங்களுக்குப் புரியாது. சிரிப்பாங்க."

சுண்டு யோசித்தாள். "அத்தை இருக்கறவரைக்கும் யாருக்கும் மோசமான நாள் வரக் கூடாதா?"

"வரலாம். வந்தாலும் காட்டிக்கக் கூடாது."

"அதுதாம்மா ஸ்கூலு," என்றாள் சுண்டு.

முதல் நாள் எப்படிப் போகக் கூடாதோ அப்படிப் போனது. தலைமையாசிரியை கைப்பையை வைத்த வேகத்தில் அட்டவணையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"கணக்கு நேரமா இது. நல்லது. சுண்டு, முக்கால்ல பாதி எவ்வளவு?"

சுண்டுவின் கண் அட்டவணையில் போய் ஒட்டிக்கொண்டது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லு."

சுவர்க் கடிகாரம் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. திரைக்காரி மிஷினில் குனிந்து, தைக்காத இடத்தையெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தலைமையாசிரியை புத்தகத்தை மூடினார். கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் குப்பை கொட்டும் சாக்கில் கணவனும் மனைவியும் படிக்கட்டில் சந்தித்துக்கொண்டார்கள்.

"ஸ்கூல்ல சேக்கணும்னு அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு," என்றான் அவன், வாளியின் பிடியை நோண்டிக்கொண்டே. "நாளைக்கு இவ வேலைக்குப் போற இடத்துல, எனக்கு இன்னைக்கு மனசு சரியில்லன்னு கப்பைக் கவுத்தா யார் மதிப்பாங்க?"

"நீங்க கவுத்தீங்களே. உங்களுக்கு வேலை போயிடுச்சா?"

"அது வேற. நான் மறுநாள் வேலைக்குப் போயிட்டேன்."

"அதுக்குத்தாங்க கவுக்கறது."

அவன் வாளியை அவள் கையில் கொடுத்தான். இரண்டு படி கீழே இறங்கி, நின்று, "நாளன்னிக்குள்ள கையெழுத்துப் போடணும்னு சொல்லியிருக்காங்க," என்றான். குரலில் தீர்மானம் இல்லை, களைப்புதான் இருந்தது. போட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து தன்னை வெளியே கொண்டுவந்தவனே பிள்ளைக்கு இன்னொரு கதவைச் சாத்தப்போகிறான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. குப்பை வாளியோடு அழுவது கேவலம் என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வீடு வழக்கமான சண்டையோடு விடிந்தது.

"என் காலுறை ஒண்ணு எங்க?"

"ஜோடியாத்தானே குடுத்தேன். ஒத்தைய நீங்கதான் தொலைச்சீங்க."

"நான் எதுக்கு ஒத்தைய தொலைக்கணும்? எனக்கு ரெண்டு கால் இருக்கு."

"ரெண்டு கால் இருந்து என்ன, ஒரு கண்ணு இருந்தா போதும். அதோ நாற்காலிக்குக் கீழ."

அவன் குனிந்து எடுத்து, அவள் தலையில் அதாலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்கு ஓடினான். அவள் சிரித்துக்கொண்டே திரும்பியபோது, மேஜையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். எழுந்து, தன் கோப்பையைத் தானே கழுவி, மேஜையில் தன் இடத்தில் நான்காக மடித்த கைத்துடைப்பானைப் போட்டு, அதன் மேல் தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைத்தார். பிறகு பால்கனிக்குப் போய்விட்டார்.

சுண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். மேஜையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா," என்றாள் ரகசியமாக. "அத்தைக்கா?"

'அது வெறுமனே காயறதுக்கு வச்சிருக்காங்கடி' என்ற வார்த்தை திரைக்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. பால்கனியைப் பார்த்தாள். தலைமையாசிரியை செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். கண்ணாடி தலைமேல் இருந்தது. தாள் திரும்பவில்லை. முதுகு மட்டும், பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பதுபோல நேராக இருந்தது. அவ்வளவு நேராக நிற்க எவ்வளவு பலம் வேண்டும் என்று திரைக்காரிக்குத் தோன்றியது.

நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிவிட்டாள்.

சுண்டு வேலையில் இறங்கினாள். லைனிங் துணியில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு குண்டூசி குத்தி, அட்டவணையை மூடினாள். ஜன்னலோர நாற்காலியில் கிடந்த துணிக் குவியலை அகற்றி, பின்பக்கம் ஒரு தலையணையைச் சொருகினாள். பால்கனிக்குப் போய், "அத்தை, உங்க இடம் உள்ள இருக்கு," என்றாள்.

"என் இடமா?"

"ஆமா. வாங்க."

தலைமையாசிரியை என்ன ஏது என்று தெரியாமல் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவருக்கு நாற்காலி காட்டியதில்லை போல. அவர்தான் எல்லோருக்கும் காட்டுவார்.

"இன்னைக்குக் கணக்கு வகுப்பு இல்லையா?"

"இல்ல அத்தை. இன்னைக்கு வேற மாதிரி நாள்."

அவர் திரைக்காரியைப் பார்த்தார். திரைக்காரி நேற்றுத் தைத்து முடித்த திரைகளை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். பல் டாக்டர் ஒருத்தர் குழந்தைகள் அறைக்காகச் சொன்ன ஆறு திரைகள், மறுநாள் காலை கொடுக்க வேண்டியவை. வெளிர் நீலத் துணியில் சின்னச் சின்னப் பறவைகள். நாலாவதை விரித்தபோது சுண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அம்மா, இந்தப் பறவைங்க மட்டும் ஏன் முதுகால பறக்குது?"

திரைக்காரி திரையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நேற்று, அந்த 'முக்கால்ல பாதி' நேரத்தில், துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறாள். மேலே வர வேண்டிய பட்டி கீழே, கீழே வர வேண்டிய மடிப்பு மேலே. பதினாறு வருடத் தொழிலுக்குப் பிறகு, புதிதாகக் கற்றுக்கொள்பவள்கூடச் செய்யாத தப்பு. நாத்தனாருக்கு முன்னால். வேறு துணியும் கையில் இல்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், தன் கோப்பையையும் எடுத்து மேஜையில் தன் இடத்தில் கவிழ்த்தாள். நேற்றுத் தானே போட்ட தடையைத் தானே உடைப்பது நிம்மதியாகத்தான் இருந்தது.

சுண்டு மேஜையில் கவிழ்ந்திருந்த கோப்பைகளை எண்ணினாள். "ரெண்டு. அப்போ நான்தான் டீச்சர்."

தலைமையாசிரியை வாயைத் திறந்தார். சுண்டு அவர் மடியில் திரையின் ஒரு ஓரத்தையும், கையில் தையல் பிரிக்கும் சின்னக் கொக்கியையும் வைத்துவிட்டாள்.

"இது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை. உங்களுக்கும் வரும். நூலை மட்டும் அறுக்கணும், துணியைக் கிழிக்கக் கூடாது. தப்பா பண்ணா பரவாயில்ல, பக்கத்துல நான் இருக்கேன்."

முப்பத்தொரு வருடம் கற்றுக்கொடுத்தவர் கொக்கியை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று பார்த்தார். மூவரும் ஒரே திரையைச் சுற்றி உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார்கள். சுண்டு தையலை விரலால் அளந்தாள்.

"ஒரு சென்டிமீட்டருக்கு நாலு தையல். அகலம் நூத்தம்பது. பட்டியில ரெண்டு வரிசை, அது ஆயிரத்து இருநூறு. கீழ் மடிப்புல ஒண்ணு, அறுநூறு. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. ஆளுக்கு அறுநூறு அத்தை. நீங்க மெதுவா பண்ணுங்க, உங்களுதுல நான் நூறு எடுத்துக்கறேன்."

தலைமையாசிரியையின் உதடு சத்தமில்லாமல் பெருக்கிப் பார்த்தது. சரியாகத்தான் இருந்தது.

பட்டி தனியாக வந்ததும் சுண்டு துணியைத் திருப்பிப் போட்டாள். மடிப்புகள் சமமாக விழக் குண்டூசி குத்த வேண்டும். "ஒன்றரை மீட்டர்ல பாதி முக்கால்," என்று முனகிக்கொண்டே நடுவில் ஒன்று குத்தினாள். "முக்கால்ல பாதி முப்பத்தேழரை சென்டி," என்று இரு பக்கமும் ஒவ்வொன்று குத்தினாள். வாயில் இன்னும் இரண்டு ஊசி இருந்தது. தான் என்ன சொன்னோம் என்றே அவளுக்குத் தெரியாது. தலைமையாசிரியையின் கை ஒரு கணம் நின்றது. திரைக்காரியைப் பார்த்தார். திரைக்காரி துணியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் சிரித்துவிடுவோம் என்ற பயம்.

அந்தக் காலையில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கீழே தெருவில் வண்டிகள் போயின. எதிர் மாடியில் யாரோ போர்வை உதறினார்கள். சுண்டு தன் ஆறுகளில் ஒன்றிரண்டைச் சொன்னாள். ஒரு தடவை தலைமையாசிரியையின் கொக்கி துணியில் பட்டுச் சின்னதாக ஓட்டை விழுந்துவிட்டது. அவர் முகம் சிவந்துபோனது. "மடிப்புக்குள்ள போயிடும் அண்ணி," என்றாள் திரைக்காரி. அவர் தலையாட்டினார். ஒரு சின்னப் பெண் தலையாட்டுவதுபோல இருந்தது.

கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டதும் சுண்டு கொக்கியைக் கீழே வைத்தாள்.

"அத்தை, பன்னெண்டு ஆச்சு. இப்பக் கேக்கலாமா?"

"எதைக் கேக்கப் போற?"

"ஏன் இன்னைக்கு மோசமான நாள்னு."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்குன்னு யாரு சொன்னா?"

"உங்க கப்பு," என்று மேஜையைக் காட்டினாள் சுண்டு. பிறகு சட்டத்தை முழுசாகச் சொன்னாள், ஒரு விதி விடாமல்.  படிவத்தில் விழப்போகும் கையெழுத்து திரைக்காரியின் கண் முன்னால் தெரிந்தது.

"நான் வந்து, தண்ணி வடியட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தார் தலைமையாசிரியை. சுண்டுவின் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து பொறுமையாகக் காத்திருந்த முகம். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டார். விரலில் சுற்றிக்கொண்டிருந்த நீல நூலை ஒரு சுற்றுப் பிரித்தார்.

"ஆமா," என்றார். "மோசமான நாள்தான்."

"ஏன்?"

"காலையில உங்கப்பாவும் அம்மாவும் காலுறைக்குச் சண்டை போட்டாங்க இல்ல?"

"அது தினமும் போடுவாங்க அத்தை. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க."

"பயமில்ல." அவர் நூலை மறுபடி விரலில் சுற்றினார். "உங்க மாமா போய் அஞ்சு வருஷம் ஆச்சு. அஞ்சு வருஷமா என்கூடச் சண்டை போட ஒரு ஆள் இல்ல. ஸ்கூல்ல எல்லாரும் 'சரிங்க மேடம்'பாங்க. வீட்ல செவுரு எதுவும் சொல்லாது. காரியம் முடிஞ்ச நாலாம் நாள் நான் போய்ப் பிரார்த்தனையில நின்னேன். எல்லாரும் பாராட்டினாங்க, மேடம் எவ்வளவு தைரியம்னு. அதுக்கப்புறம் எந்த நாள் உக்காரலாம்னு எனக்குத் தெரியல. உக்காரவே இல்ல."

சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரைக்காரி ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பார்க்கவில்லை. தோளோடு தோள் படும்படி இருந்தாள், அவ்வளவுதான். சுண்டு உள்ளே போய் ரொட்டியில் வெண்ணெய் தடவி மூன்று தட்டில் கொண்டுவந்தாள்.

"கேட்டதுக்கு அப்புறம் புத்தி சொல்லக் கூடாது. சாப்பாடுதான் குடுக்கணும். இதுவும் ரூல்," என்றாள்.

தலைமையாசிரியை அழுதுகொண்டே சிரித்தார். "யாரு போட்ட ரூலு?"

"அப்பா. அப்பாவுக்குப் புத்தி சொன்னா பிடிக்காது."

பாதி ரொட்டி தீர்ந்த பிறகு அவர் கேட்டார், மெதுவாக, விசாரணைபோல இல்லாமல்: "பழைய ஸ்கூல்ல இப்படி நாள் வந்தா நீ என்ன பண்ணுவ?"

"முதல்ல மேஜைக்கு அடியில. அப்புறம் அங்க உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. அதனால டாய்லெட்ல போய் உக்காருவேன். செவுத்து டைல்ஸை எண்ணுவேன். நூத்தி அறுபத்தெட்டு. நாலு உடைஞ்சது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நாள் மூணு பீரியட். யாரும் தேடல."

தலைமையாசிரியை வாயிலிருந்த ரொட்டியை மென்று விழுங்க மறந்தார். தன் பள்ளியின் கழிப்பறைக் கதவுகள், அவற்றில் எப்போதும் அடைத்தே கிடக்கும் ஒன்று, 'உடனே வகுப்புக்குப் போ' என்று தான் தட்டிய தட்டுகள் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.  தட்டை வைத்துவிட்டுக் கொக்கியை எடுத்தார். தன் பங்கு அறுநூறையும் தானே பிரித்தார். நூறை விட்டுக்கொடுக்கச் சுண்டு எவ்வளவோ கேட்டும் மறுத்துவிட்டார்.

மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது, பறவைகள் நேராகப் பறந்துகொண்டிருந்தன. மேஜையில் சூப்பும் முட்டையும் இருந்தன. தட்டுக்குப் பக்கத்தில் சேர்க்கைப் படிவம் இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"இரு தம்பி," என்றார் அக்கா. "நான் சொல்றதுக்காகப் போட வேண்டாம். நீ என்ன நினைக்கற?"

அந்த வீட்டில் அக்கா அவனை இப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் பேனாவை மூடினான், திறந்தான். கடைசியில், "அக்கா, மாட்டிக்கிட்டவங்களை வெளிய கொண்டுவர்றதுதான் நான் கத்துக்கிட்ட வேலை," என்றான். "சுண்டு ஒரு தடவை வெளிய வந்துட்டா. மறுபடி அவளை உள்ள அனுப்பிட்டு, கதவுக்கு வெளிய உக்காந்து பேச எனக்கு மனசு இல்ல. ஆனா என்னைக்கும் வீட்டுக்குள்ளயே இருக்க முடியுமா, அதுவும் தெரியல. நேத்து முழுக்க அதுதான் யோசனை."

"என்னைக்கும்னு யாரு சொன்னா? ஒரு நாள் அவளே கேப்பா, போறேன்னு. அன்னைக்கு அனுப்பு."

"இப்பக் கேக்கலை," என்றாள் சுண்டு, சூப்புக்குள்ளிருந்து.

"சரிடி, உன்னை யாரும் இப்ப இழுத்துட்டுப் போகல." தலைமையாசிரியை படிவத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். "வெளியில எட்டுப் பேர் காத்துட்டிருக்காங்க. போனதும் முதல் வேலையா அந்த இடத்தை அதுல ஒருத்தருக்குக் குடுத்துடறேன். அப்புறம் என் ஸ்கூல் டாய்லெட் பக்கம் ஒரு நாற்காலி போடணும். நாற்காலி போதுமான்னு தெரியல. பாக்கறேன்."

திரைக்காரியின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "ரொம்ப நன்றி அண்ணி," என்றாள்.

"நன்றி எல்லாம் இருக்கட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் கேள்வித்தாள் அனுப்புவேன். நாள் சரியில்லன்னா மறுநாள் எழுதட்டும், எழுதாம விடக் கூடாது. அப்புறம் அவ கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கு. நோட்டைப் பாத்தேன்."

இது வழக்கமாக, 'சரிங்க அண்ணி' என்று திரைக்காரி சொல்ல வேண்டிய இடம். பதினொரு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோழி கிளறினது இல்ல அண்ணி. வேகமா எழுதறா."

"வேகமா எழுதினா இப்படித்தான் எழுதணுமா?"

"நீங்க பாத்தது கணக்கு நோட்டு. கதை நோட்டைப் பாருங்க. முத்து முத்தா இருக்கும்."

"முப்பத்தொரு வருஷமா நோட்டு திருத்தறேன். எனக்கு முத்து எது, மிளகு எதுன்னு தெரியாதா?"

"உங்களுக்கு ஒரு வகுப்புக்கு நாப்பது நோட்டு அண்ணி. எனக்கு ஒண்ணே ஒண்ணு. தினமும் பாக்கறேன்."

"பெத்தவளுக்குப் பாசத்துல கண்ணு மங்கிடும். அதுக்குத்தான் ஊர்ல டீச்சருன்னு ஒருத்தி இருக்கா."

"அந்த டீச்சரு இன்னைக்கு என் துணியில ஓட்டை போட்டாங்க. நான் ஏதாவது சொன்னேனா?"

மெக்கானிக் பதறிப்போய் நிமிர்ந்தான். அக்காவிடம் இந்த வீட்டில் யாரும் இப்படிப் பேசியது கிடையாது. நடுவில் புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவனின் சட்டைக் கையைச் சுண்டு பிடித்து இழுத்தாள்.

"விடுங்கப்பா. அத்தைக்கு இந்தச் சண்டை வேணும்."

அவன் அக்காவைப் பார்த்தான். முட்டையை ஆறவிட்டுவிட்டு, முழங்கையை மேஜையில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். காதோரம் சிவந்திருந்தது. கண்ணில் ஒரு பளபளப்பு.

"கதை நோட்டை எடுத்துட்டு வா," என்றார் திரைக்காரியிடம். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

"வாங்க பாக்கலாம்," என்று திரைக்காரியும் எழுந்தாள்.